இரண்டு விரல் இடப்பக்கம்

கப்பல்துறை,
09.03.2025

றஹ்மான் நானாவுக்கு,

பிரசாந்தினி எழுதுகிறேன். என் மனுசன் நிருபனின் செத்தவீட்டில் அத்தனை சனத்துக்கு முன்னால் உங்களைத் திட்டித் துரத்திய அதே பிரசாந்தினிதான். உங்கள் தொலைபேசி இலக்கத்தை அன்றைக்கே அடைத்துவிட்டேன், இன்னும் திறக்கவில்லை. குரலைக் கேட்டால் எனக்குத் திரும்பவும் வாய் நீளும். தாளில் என்றால் கொஞ்சம் அடங்கி எழுதலாம் என்று பார்க்கிறேன். தோப்பூரில் அறுவடை மெசின் திருத்துகிற றஹ்மான் என்று போட்டால் போதும், தபால்காரருக்குத் தெரியும் என்றார்கள்.

உங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அவருடைய ஜீப்பில் நீங்கள் செய்த அந்தப் பின்பக்க வேலை உங்களைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

வெள்ளத்தில் அவரோடு குளத்துக்குள் விழுந்த ஜீப்பைத் தூக்கி, விசாரணையெல்லாம் முடிந்து, தை மாதம் கொண்டுவந்து எங்கள் முற்றத்துத் தகரக் கொட்டிலுக்குள் விட்டார்கள். டயர் பழுதாகக் கூடாது என்று என் தம்பி ரஜீவன் பின் அச்சுக்குக் கீழே மரக்குற்றி அடுக்கி, பின்சில்லுகள் நிலத்தில் படாமல் தூக்கி வைத்தான். அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அதை ஓடவைக்கிற திறப்பு என்னிடம். பற்றரியையும் கழற்றியாயிற்று.

அந்தப் பின்சில்லுகள் திரும்புகின்றன.

எல்லா நாளும். காலையில் போய்ப் பார்த்தால் நேராக நிற்கும். பின்னேரம் மூன்று மணிக்கு இரண்டும் இடப்பக்கம் இரண்டு விரல் திரும்பியிருக்கும். அடுத்தநாள் காலையில் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி நேராக நிற்கும். முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு நிலத்தில் சோக்கட்டியால் கோடு கீறி வைத்தேன். கோடு பொய் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு இராசமலர் அக்காவுக்குக் காட்டினேன். "அவன் அவசரத்தில போனவன் பிள்ளை, இறங்க இடந் தெரியாமல் உதுக்குள்ளதான் நிக்கிறான்" என்று சொல்லி, சில்லுக்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்துவிட்டேன். எனக்குப் பயமில்லை, நானா. பயமில்லாதிருப்பதுதான் பயமாக இருக்கிறது. மூன்று மணிக்குத் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, கதிரையையும் தூக்கிக்கொண்டு அங்கே போய் இருந்துவிடுகிறேன். அன்றாட வேலையில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

எஞ்சின் இல்லாமல், ஆள் இல்லாமல் அந்தச் சில்லு திரும்புமா? ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுதத் தேவையில்லை.

பிரசாந்தினி


தோப்பூர்,
16.03.2025

தங்கச்சி பிரசாந்தினிக்கு,

நோன்பு நேரம், பெரும்போக அறுவடை முடிகிற நேரமும் இதுதான். மூன்று மெசின் என் கொட்டிலில் திறந்தபடி கிடக்கின்றன. மறுமொழி பிந்தியதற்கு அதைத்தான் காரணமாக எழுத நினைத்தேன். உண்மை அதுவல்ல. உறையில் உங்கள் எழுத்தைக் கண்டு இரண்டு நாள் உடைக்கவில்லை.

அன்றைக்கு நீங்கள் பேசியதில் எனக்குக் கோபம் இல்லை. "அந்தப் பேயை ஜீப்புக்குப் பின்னால பூட்டினது நீங்கள்தான், இனி இந்தப் படலையை மிதிக்காதேங்கோ" என்றீர்கள். நான் மிதிக்கவில்லை. கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன்.

கேட்டதற்கு வருகிறேன். ஜீப்பில் முன்சில்லுதான் திரும்பும். கடற்கரையில் படகை இழுத்துக்கொண்டு மற்றப் படகுகளுக்கு நடுவில் திரும்ப இடம் போதாது என்று நிருபன் பின்சில்லையும் திருப்பித் தரக் கேட்டான். எஞ்சினில் ஒரு பம், பின் அச்சில் ஒரு சிலிண்டர், ஓட்டுபவனின் இடக்கைப் பக்கம் ஒரு லீவர். பம் எண்ணெயைத் தள்ளும், எந்தக் குழாயால் போவது என்று லீவர் சொல்லும். சிலிண்டரின் தடி வெளியே வந்தால் சில்லு இடப்பக்கம், உள்ளே போனால் வலப்பக்கம். முதல் நாள் இரண்டு குழாயையும் நான் மாறிப் பூட்டிவிட்டேன். வலம் கேட்டால் இடம் போனது. நிருபன் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, "றஹ்மான், இது என்ர மனுசி மாதிரியடா, சொன்னதுக்கு எதிராத்தான் போகுது" என்று சிரித்தான். நீங்கள் குசினி வாசலில் நின்று அகப்பையைக் காட்டினீர்கள். இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதியதை வெட்டவும் மனமில்லை.

அந்தக் குழாய்களுக்குள் எண்ணெய் இன்றும் நிற்கிறது. உங்கள் கொட்டில் மேற்குப் பார்த்தது. பின்னேர வெயில் தகரத்திலும் அச்சிலும் விழும். சூட்டில் எண்ணெய் பெருக்கும், பெருத்தால் தடியை வெளியே தள்ளும், குளிர்ந்தால் திரும்ப இழுக்கும். ஆகவே ஓம், திரும்பும். வெயிலை மறைத்து ஒரு படங்கைக் கட்டிப் பாருங்கள், நின்றுவிடும்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். அதை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பழைய இரும்பு எடுக்கிற லொறிக்குக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பின் அச்சை மட்டுமாவது நான் ஆள் அனுப்பிக் கழற்றி எடுப்பிக்கிறேன்.

கலீலுர் றஹ்மான்


கப்பல்துறை,
23.03.2025

றஹ்மான் நானா,

படங்கு கட்டினேன். நீங்கள் எழுதியபடி அன்றைக்குச் சில்லு அசையவில்லை. நாலு மணிக்கு அந்தப் படங்கை நானே இழுத்து அறுத்து எறிந்தேன். அடுத்தநாள் மூன்று மணிக்கு இரண்டு விரல் இடப்பக்கம் வந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது. விசர் என்று நினைப்பீர்கள், நினையுங்கள். வெயில் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு அதை இவ்வளவு கெதியாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஓம் அல்லது இல்லை என்றுதானே கேட்டேன்?

ஆனால் சொல்லிவிட்டீர்கள். அதனால் இன்னொரு கேள்வி வந்துவிட்டது. இப்போது திருப்புவது வெயில் என்றால், அந்த வெள்ளத்தில், அந்தக் கார்த்திகை மழையில் வெயில் ஏது? அன்றைக்குத் திருப்பியது யார்?

சோமசேகரம் ஐயா கோயில் வாசலில் நின்று எல்லாவற்றையும் கண்டவர். மறுகரையில் அகப்பட்ட சனத்தை ஏற்ற என் மனுசன் இரண்டு தரம் குளக்கட்டால் போய் வந்தார். மூன்றாம் தரம் தனியே போகும்போதுதான் அது நடந்தது. கட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்ததாம், ஆனால் இரண்டு பக்கமும் ஓரக்கல் தெரிந்ததாம். "நேர்க்கட்டில பின்சில்லு இடப்பக்கம் வெட்டினதை என்ர கண்ணால கண்டனான். ஆள் திருப்பாமல் அது தானாத் திரும்புமே?" என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறார். பொல்லாத மனிதரில்லை, கண்டதைச் சொல்கிறார். நான் கிட்டப் போனால் கதையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்துகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அன்று காலை எங்களுக்குள் சண்டை. அந்தக் கிழமை முழுக்கவே சண்டைதான். முற்றமெல்லாம் ஒயில் ஒழுக்கு என்று நச்சரித்தேன், வெள்ளத்துக்கு முதல்நாள் அவர் அதை நிறுத்தியும் தந்தார். ஆனாலும் என் வாய் ஓயவில்லை. வெள்ளத்துக்குள் என்னைத் தனியே விட்டுவிட்டு அவர் வெளிக்கிட்டதும், "அந்த இரும்போடயே போய்க் கிடவுங்கோ, இஞ்சால வராதேங்கோ" என்றேன். அவர் செருப்பைப் போட்டார், போனார். இப்போது அந்த இரும்பு மட்டும் வந்து முற்றத்தில் கிடக்கிறது.

வேண்டுமென்றுதான் திருப்பினாரா, நானா? என் சொல்லைக் கேட்டுத்தான் வராமல் விட்டாரா? ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டப் போனபோது அவருடைய இடது உள்ளங்கையைக் கண்டேன். நடுவில் ஒரு சின்னக் காசுக் குற்றி அளவில் வட்டமாகக் கன்றி, தோல் கிழிந்திருந்தது. அது என்ன என்று டொக்டருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

மெல்லச் சொல்ல வேண்டாம். உள்ளதை எழுதுங்கள்.

பிரசாந்தினி


தோப்பூர்,
06.04.2025

தங்கச்சி,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். பெருநாளும் வந்து போய்விட்டது. "என்னங்க, வட்டிலப்பத்தையும் வேணாமெண்டுறீங்க, ஒங்களுக்கு என்ன புடிச்சிருக்கு?" என்று என் மனைவி ஷிஃபானா கேட்டாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

போன கடிதத்தில் பொய் எழுதவில்லை, பாதியை எழுதினேன். சூட்டில் எண்ணெய் பெருப்பது உண்மை. ஆனால் பெருத்தாலும் சில்லு திரும்பக் கூடாது. பின் அச்சில், சிலிண்டருக்குப் பக்கத்தில், இரண்டு தீப்பெட்டியை அடுக்கிய அளவில் ஓர் இரும்புக்கட்டி இருக்கிறது. அது பூட்டு வால்வு. யாரும் லீவரைத் தொடாத நேரத்தில், எஞ்சின் நின்றாலும்கூட, இரண்டு குழாயையும் அடைத்துச் சில்லை நின்ற இடத்திலேயே பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. சில்லு திரும்புகிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. பூட்டு பிடிக்கவில்லை. ஒரு பக்கம் கசிகிறது. அன்றைக்கும் கசிந்திருக்க வேண்டும்.

நடந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். தண்ணீர் ஏறி எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் பம் நிற்கும், அதன்பிறகு லீவரை என்ன செய்தாலும் எண்ணெய் போகாது. மிச்சம் இருந்த ஒரே காவல் அந்தப் பூட்டு. பாய்கிற தண்ணீர் பின்பக்கத்தைத் தள்ள, பூட்டு விட்டுக்கொடுத்தது. சோமசேகரம் ஐயா கண்டது சரி, சில்லு இடப்பக்கம் திரும்பியது. திருப்பியது நிருபன் இல்லை.

உள்ளங்கைக்கு வருகிறேன். அதற்கு முந்தின கிழமை லீவரின் தலையிலிருந்த குமிழ் வெடித்து விழுந்துவிட்டது. வெறும் போல்ட்தான் துருத்திக்கொண்டு நின்றது. புதுக்குமிழ் வாங்கி வைத்திருந்தேன், வெள்ளத்தால் கொண்டுவர ஏலாமல் போனது. இப்போதும் என் மேசையில் இருக்கிறது. அந்த லீவரை இழுத்தால் சில்லு இடப்பக்கம் போகும், தள்ளினால் வலப்பக்கம் போகும். இழுக்கிறவன் விரல்களை மடித்து இழுப்பான், தள்ளுகிறவன் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவான். சில்லைத் திரும்பக் கட்டுக்கு மேலே கொண்டுவர அவன் தள்ளியிருக்கிறான். போல்ட் தோலைக் கிழிக்கிற மட்டும் தள்ளியிருக்கிறான். சாக நினைத்தவன் அப்படித் தள்ள மாட்டான், தங்கச்சி. அவன் வீட்டுக்கு வரத்தான் பார்த்தான்.

இனி என் பங்கு. அந்தப் பூட்டு வால்வு புதிது அல்ல. பழைய இரும்புக் கடையில் ஒரு பாரந்தூக்கியிலிருந்து கழற்றியது. பிரித்துக் கழுவிவிட்டுத்தான் பூட்டியிருக்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். வாயால் ஒரு தரம் ஊதிப் பார்த்துவிட்டுப் பூட்டிவிட்டேன். உள்ளே இருந்த துரு பூட்டின் வாயில் சிக்கியிருக்கும். நாலு மாதமாக அந்த ஒரு ஊதலைத்தான் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். இரும்பு லொறிக்குக் கொடுக்கச் சொன்னதும் அதை நீங்கள் காணக்கூடாது என்றுதான். செத்தவீட்டில் நீங்கள் பேசியது பிழையில்லை.

திறந்து பார்க்க விரும்பினால் கீழே ஒரு பேசினை வையுங்கள். இருபத்திரண்டாம் இலக்க ஸ்பானரால் குழாய்களைக் கழற்றுங்கள், எண்ணெய் ஒழுகி முடியட்டும். கட்டியின் இரண்டு நுனியிலும் மூடி இருக்கும். அதைத் திறந்தால் ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன இரும்புக் குண்டு. குண்டு உட்காருகிற இடத்தைப் பாருங்கள். துரு இருந்தால் அப்படியே பொலிசில் கொடுங்கள், நான் வந்து கையெழுத்து வைக்கிறேன். திரும்பப் பூட்டுவதானால், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை மட்டும் இதற்குச் சுற்ற விடாதீர்கள். மரை இறுகும்போது அது நார் நாராகப் பிரிந்து எண்ணெயோடு உள்ளே போய்விடும். ஒரு நார் போதும், பூட்டு பிடிக்காது. இருபது வருடத் தொழிலில் என் கையால் ஒரு தரமாவது சுற்றியதில்லை.

றஹ்மான்


கப்பல்துறை,
20.04.2025

றஹ்மான் நானா,

உள்ளங்கையைப் பற்றி எழுதிய பக்கத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியவில்லை. சோமசேகரம் ஐயாவின் வீட்டுக்குக் கொண்டுபோய் அவருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் கண்டதைத்தானே பிள்ளை சொன்னனான், காணாததையும் சேர்த்துச் சொல்லிப்போட்டன்" என்றார். இனி எல்லாரிடமும் இதைச் சொல்வாராம்.

வருடப் பிறப்பு கழிந்து மூன்றாம் நாள் நானே திறந்தேன். ரஜீவனைக் கூப்பிடவில்லை. ஸ்பானரில் தொங்க வேண்டியிருந்தது. கையெல்லாம் ஒயில் நாற்றம், அவர் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஸ்பிரிங் வந்தது, குண்டு வந்தது. எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பி வைத்துப் பார்த்தேன்.

துரு இல்லை. ஒரு பொட்டும் இல்லை, நானா. நீங்கள் ஊதியது போதுமாக இருந்திருக்கிறது.

ஒரு குண்டுக்குக் கீழே இது மட்டும் மடிந்து கிடந்தது. இந்தக் கடிதத்தோடு ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து அனுப்புகிறேன். வெள்ளையாக, என் சின்னவிரல் நகத்தின் நீளம். இது என்ன? எங்கிருந்து வந்தது? உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்கள்.

பிரசாந்தினி


தோப்பூர்,
27.04.2025

தங்கச்சி,

கிடைத்தது. அது நான் சுற்றிய டேப்தான். அன்றைக்கு ஒரு மூட்டுக்கு வொஷர் இல்லாமல் போனது. ஜும்ஆ அவசரத்தில் வெள்ளை டேப்பைச் சுற்றிவிட்டேன். சுற்றியதே மறந்துவிட்டது. இருபது வருடமாகச் சுற்றவில்லை என்று போன கடிதத்தில் எழுதியது வாய்க்கொழுப்பு. குற்றம் துருவில் இல்லாவிட்டால் டேப்பில், எதுவென்றாலும் என் கைதான். நீங்கள் வேறு யாரையும் எதையும் நினைக்க வேண்டாம். இதற்குமேல் எழுத ஏலாது.

றஹ்மான்


கப்பல்துறை,
11.05.2025

றஹ்மான் நானா,

நீங்கள் திறமான மெசின்காரர், பொய் எழுத மட்டும் தெரியாது. மற்றக் கடிதங்களில் குண்டு, ஸ்பிரிங் என்று பக்கம் பக்கமாக எழுதியவர், இதில் எந்த மூட்டு என்றுகூட எழுதவில்லை.

புரட்டாதி மாதம் குசினிக் குழாய் ஒழுகியபோது ஒரு சுருள் வெள்ளை டேப் வாங்கினோம். மிச்சம் லாச்சிக்குள் கிடந்தது. வெள்ளத்துக்கு முதல்நாள் நான் ஒயிலில் சறுக்கி முழங்காலை உரசிக்கொண்டு கத்தினேன். அவர் ஜீப்புக்குக் கீழே புகுந்து பார்த்துவிட்டு, "அந்தப் பூட்டுக்குக் கிட்ட ஒரு மூட்டில கசியுது. றஹ்மானைக் கேட்டுப்போட்டுச் செய்வம்" என்றார். "ஒரு சொட்டு ஒழுக்குக்கும் றஹ்மான் நானா வரோணுமோ? குழாய்க்குச் சுத்தின டேப் கிடக்கு, அதைச் சுத்துங்கோ" என்று லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தது நான். சுற்றினார். "பார், ஒரு சொட்டும் இல்லை" என்று காட்டினார். அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

துணியில் அந்த நாரைக் கண்ட அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. எனக்காக உங்கள் தொழிலையே கொண்டுபோய் அடகு வைத்தது போல எழுதிவிட்டீர்கள். வேண்டாம், நானா. செத்தவீட்டில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதை எனக்கு இறக்கி வைக்கத் தெரியாது, ஆனால் இன்னொருவரின் தலையில் ஏற்றவும் மாட்டேன். அவர் வீட்டுக்கு வரத்தான் பார்த்தார் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதுதான் என்னைக் கொல்கிறதும்.

பாலத்தைத் தாண்டி வாருங்கள். உங்கள் இலக்கத்தையும் திறந்துவிட்டேன். ஷிஃபானாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேசையில் இருக்கிற குமிழைக் கொண்டுவந்து அந்த லீவரில் பூட்டிவிடுங்கள், அந்தப் போல்டைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

இன்னொன்று. எல்லாவற்றையும் துடைத்து, நீங்கள் எழுதியபடி டேப் சுற்றாமல் பூட்டினேன். ரஜீவன் ஒரு நாள் பற்றரியைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, லீவரை அங்கும் இங்கும் ஆட்டிக் காற்றையெல்லாம் எடுத்துத் தந்தான். பூட்டு இப்போது வடிவாகப் பிடிக்கிறது. மூன்று கிழமையாக, மூன்று மணிக்குத் தேத்தண்ணியோடு போய் இருக்கிறேன். சித்திரை வெயில் தகரத்தைப் பிளக்கிறது. சில்லு சோக்கட்டிக் கோட்டை விட்டு மயிரளவும் விலகவில்லை. நாலு மணி வரைக்கும் இருந்து பார்க்கிறேன், ஐந்து மணி வரைக்கும் இருக்கிறேன். பிறகு கதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறேன்.

நான் அனுப்பிய நாரை எறிந்துவிட்டீர்களா? எறியாவிட்டால் வரும்போது கொண்டு வாருங்கள், இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம். எறிந்திருந்தாலும் பரவாயில்லை. லாச்சிக்குள் சுருளில் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. ஒரு நார் போதும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

பிரசாந்தினி